டர்க் நொவிட்ஸ்கியின் ஆட்டமுறை: பலமும் பலவீனமும்

டர்க் நொவிட்ஸ்கி (பிறப்பு: ஜூன் 19, 1978) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த முன்னாள் கூடைப்பந்தாட்ட வீரர் ஆவார். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் டாலஸ் மேவரிக்ஸ் அணிக்காக 1998 முதல் 2019 வரை 21 பருவங்கள் ஆடினார். ஒரே அணிக்காக இத்தனை பருவங்கள் ஆடிய வீரர் என்.பி.ஏ. வரலாற்றில் வேறு எவரும் இல்லை. இவரது உயரம் 7 அடி (213 செ.மீ.). ஆடிய நிலை வலிய முன்நிலை, அதாவது பவர் ஃபார்வர்டு. முறைப் பருவ ஆட்டங்களில் மொத்தம் 31,560 புள்ளிகள் எடுத்துள்ளார். 2007-இல் மிகவும் மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற இவர், அவ்விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் ஆவார். 2011-இல் டாலஸ் அணி சாம்பியன் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார். 2023-இல் நைஸ்மித் கூடைப்பந்தாட்டப் புகழவையில் இடம்பெற்றார்.

இக்கட்டுரை அவர் எப்படி ஆடினார் என்பதை மட்டும் விளக்குகிறது. நொவிட்ஸ்கி வேகமாக ஓடக்கூடியவர் அல்லர்; உயரக் குதிக்கக்கூடியவரும் அல்லர். தடுப்பாட்டத்தில் அவரைச் சிறந்தவர் என்று எவரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் எப்படி அவர் காலத்தின் மிகக் கடினமான தாக்குதல் வீரர்களில் ஒருவரானார்? அவருடைய பலங்களில் பெரும்பாலானவை பலவீனங்களைச் சுற்றி வளர்ந்தவை என்பதே இதற்கு விடை. பலரும் இன்று பார்த்துப் பழகும் அவருடைய ஒற்றைக்கால் எறிவும் அப்படி வளர்ந்ததுதான்.

வலிய முன்நிலை என்றால் என்ன?

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். இரண்டு பின்காவலர்கள், இரண்டு முன்நிலை ஆட்டக்காரர்கள், ஒரு நடுநிலை ஆட்டக்காரர் என்பது பழைய பகுப்பு. முன்நிலையில் சற்றுக் குள்ளமான, விரைவான ஆள் சிறு முன்நிலை; உயரமும் உடல்வலுவும் கொண்ட ஆள் வலிய முன்நிலை. 1990-களில் வலிய முன்நிலை என்றவுடன் நினைவுக்கு வந்தவர்கள் கார்ல் மலோனும் சார்ல்ஸ் பார்க்லியும். வளையத்துக்கு அருகே முதுகைக் காட்டி நின்று, தடுப்பாளரை இடித்துத் தள்ளி இடம் பிடித்து, பந்தை வாங்கிக் கூடையில் போடுவது அவர்கள் வேலை. தவறிய பந்தை எகிறிப் பிடிப்பதும், அதாவது ரீபவுண்டு எடுப்பதும் அந்த வேலையில் பாதி.

நொவிட்ஸ்கிக்குப் பார்க்லியை மிகவும் பிடிக்கும். 1992 ஒலிம்பிக்கில் பார்க்லி அணிந்த 14 என்ற எண்ணையே தானும் அணிந்துவந்தார். டாலஸில் அந்த எண் வேறொருவரிடம் இருந்ததால் அதைத் திருப்பிப் போட்டு 41 ஆக்கிக்கொண்டார். ஆனால் பார்க்லியின் ஆட்டத்துக்கும் இவர் ஆட்டத்துக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. இவர் வளையத்தைப் பார்த்தபடி, அதிலிருந்து தள்ளி நின்று ஆடினார்.

வூர்ட்ஸ்பூர்க் பயிற்சி

நொவிட்ஸ்கி பிறந்த ஊர் பவேரியா மாநிலத்திலுள்ள வூர்ட்ஸ்பூர்க். தாய் மேற்கு ஜெர்மனியின் தேசிய கூடைப்பந்து அணிக்கு ஆடியவர். தந்தை கைப்பந்து வீரர் (இங்கே கைப்பந்து என்பது கையால் கோலுக்குள் பந்தை எறியும் ஹேண்ட்பால், நம் ஊர் வாலிபால் அன்று). டர்க்கும் சிறுவயதில் ஹேண்ட்பாலும் டென்னிசும் ஆடினார். பதின்பருவத்தில் அவரைக் கண்டு பயிற்சி கொடுக்க முன்வந்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியவர். கணிதமும் இயற்பியலும் படித்தவர்.

கெஷ்விண்ட்னரின் முறை விசித்திரமானது. எடை தூக்கும் பயிற்சிக்கு அவர் முக்கியத்துவம் தரவில்லை. எறிவதும் பந்தைக் கடத்துவதும்தான் பாடம். இசைக்கருவி வாசிக்கவும் புத்தகம் படிக்கவும் வற்புறுத்தினார். முக்கியமாக, எறிதலை ஒரு கணக்காக அணுகினார். வளையம் தரையிலிருந்து 10 அடி (3.05 மீ.) உயரத்தில் இருக்கிறது. அதன் குறுக்களவு 18 அங்குலம். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 9½ அங்குலம். பந்து தட்டையாக வந்தால் வளையத்தின் வாய் அதற்குக் குறுகிய நீள்வட்டமாகத்தான் தெரியும். மேலிருந்து இறங்கினால் வாய் முழுதாகத் திறந்திருக்கும். எனவே உயரமாக வளைந்து போகும் எறிவில் கை சிறிது பிசகினாலும் பந்து உள்ளே விழ வாய்ப்பு அதிகம். ஏழடி ஆள் தலைக்கு மேலே கையை நீட்டி விடும் பந்துக்கு இந்த வளைவைத் தருவது இன்னும் எளிது. நொவிட்ஸ்கியின் எறிவு வாழ்நாள் முழுவதும் இந்தக் கணக்கின்படியே இருந்தது.

இந்த முறை வெளியுலகுக்குத் தெரிந்தது 1998 மார்ச் மாதம் சான் அன்டோனியோவில். உலக இளையோர் அணிக்கும் அமெரிக்க இளையோர் அணிக்கும் நடந்த நைக்கி ஹூப் சம்மிட் ஆட்டத்தில் 19 வயது நொவிட்ஸ்கி 33 புள்ளிகளும் 14 ரீபவுண்டுகளும் எடுத்தார். அதே ஆண்டு என்.பி.ஏ. தேர்வில் 9-ஆவது ஆளாக மில்வாக்கி பக்ஸ் அணியால் எடுக்கப்பட்டு உடனே டாலஸுக்கு மாற்றப்பட்டார். முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 8.2 புள்ளிகளே கிடைத்தன. அவர் தடுப்பாட்டத்தைக் கேலி செய்து அப்போது ஒரு பேச்சு உலவியது. ஆங்கிலத்தில் தடுப்பாட்டத்தைக் குறிக்கும் டிஃபென்ஸ் என்ற சொல்லின் முதல் எழுத்து ‘டி’. டர்க்கிடம் அந்த ‘டி’ இல்லாததால் மிச்சம் இருப்பது ‘இர்க்’ மட்டுமே என்றார்கள்.

எறியும் கை

நொவிட்ஸ்கியின் முதற்பலம் எறிதல் என்பது எல்லோரும் அறிந்தது. அதன் அளவை எண்களில் பார்க்கலாம். வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விழுக்காடு 87.9. மூன்று புள்ளி எறிவில் 38.0 விழுக்காடு; மொத்தம் 1,982 மூன்று புள்ளிக் கூடைகள். 2006-ஆம் ஆண்டு ஆல்-ஸ்டார் வார இறுதியில் நடந்த மூன்று புள்ளிப் போட்டியில் பின்காவலர்களைத் தோற்கடித்துப் பரிசு வாங்கியவர் இந்த ஏழடி மனிதர். 2006–07 பருவத்தில் களத்தில் 50.2, மூன்று புள்ளியில் 41.6, ஃப்ரீ த்ரோவில் 90.4 விழுக்காடு எடுத்தார். இம்மூன்றிலும் முறையே 50, 40, 90-ஐத் தாண்டுவது நல்ல எறிவாளர்களுக்கே அரிது.

ஆனால் எண்கள் காட்டாத ஒன்று உண்டு. அவர் எறிவதற்கு அதிகம் குதிப்பதில்லை. சாதாரண உயரமுள்ள ஒருவர் தடுப்பாளருக்கு மேலே எறிய வேண்டுமானால் முதலில் அவரிடமிருந்து விலகி, பிறகு உயரக் குதிக்க வேண்டும். நொவிட்ஸ்கிக்கு விலகினால் போதும். அந்தச் சிறு விலகலைப் பெறுவதற்காக வந்ததே ஒற்றைக்கால் ஃபேடவே எறிவு. வளையத்துக்குப் பக்கவாட்டிலோ முதுகைக் காட்டியோ நின்று, தோளை ஒருபுறம் அசைத்துவிட்டுத் திரும்பி, ஒரு காலால் தரையைத் தள்ளிப் பின்னோக்கிச் சாய்வார். மற்றக் காலின் முழங்கால் முன்னால் உயரும். அந்த முழங்கால் இரண்டு வேலை செய்கிறது. தடுப்பாளர் நெருங்கி வராமல் ஒரு வேலிபோல நிற்கிறது. பின்னால் சாயும் உடலுக்குச் சமநிலையும் தருகிறது. பந்து தலைக்கு மேலே, சாய்ந்த உடலின் பின்பகுதியிலிருந்து கிளம்புகிறது. தடுப்பவர் எவ்வளவு உயரமானவராக இருந்தாலும் கை எட்டாது.

பின்னால் சாய்ந்து எறிவது தவறான பழக்கம் என்று பள்ளிப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு அது சரிதான். சாயும்போது எறிவின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். நொவிட்ஸ்கிக்கு அது மாறவில்லை, ஏனென்றால் சாய்வும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. கோடை விடுமுறைகளில் கெஷ்விண்ட்னருடன் ஜெர்மனியில் ஒற்றைக்காலில், திரும்பியபடி, சறுக்கியபடி என்று கோணல் நிலைகளிலிருந்தெல்லாம் எறிந்து பழகினார். இந்த எறிவின் காணொளியைப் பார்க்கும் மாணவர்கள் பந்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தால் அதிகம் கற்றுக்கொள்ளலாம். எல்லா வேலையும் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே கீழே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது பலம், அவர் நின்ற இடத்தால் மற்ற நால்வருக்கும் கிடைத்த இடம். எதிரணியின் உயரமான ஆள் வளையத்தடியில் காவல் நிற்பது வழக்கம். நொவிட்ஸ்கி மூன்று புள்ளிக் கோட்டுக்கு அருகில் நின்றால் அந்த ஆளும் வெளியே வந்தாக வேண்டும். அதனால் நடுப்பகுதி காலியாகிறது. பின்காவலர் ஸ்டீவ் நேஷ் டாலஸில் இருந்தவரை (2004 வரை) இருவரும் இதை நன்றாகப் பயன்படுத்தினர். நேஷைத் துரத்தும் ஆளை நொவிட்ஸ்கி தன் உடலால் மறிப்பார். பிறகு வளையத்தை நோக்கி ஓடாமல் வெளியே விலகி நிற்பார். அவரைக் காக்க வேண்டியவர் நேஷைத் தடுத்தால் நொவிட்ஸ்கி எறிவார். நொவிட்ஸ்கியிடம் திரும்பினால் நேஷ் உள்ளே போவார். பிக் அண்ட் பாப் எனப்படும் இந்த உத்தியைப் பிற்காலத்தில் ஜேசன் டெரியுடன் சேர்ந்தும் பல ஆண்டுகள் ஆடினார்.

மூன்றாவது பலம் பலரும் கவனிக்காதது. பந்தை அவர் எளிதில் இழப்பதில்லை. அணியின் தாக்குதலில் பெரும்பகுதியைத் தாங்கும் ஒருவர் இவ்வளவு குறைவாகப் பந்தைப் பறிகொடுப்பது அரிது. அதிகம் டிரிபிள் செய்யாமல், பிடித்த இடத்திலிருந்தே எறிய முடிந்ததால் வந்த பலன் அது.

பலவீனங்கள்

முதல் குறை பக்கவாட்டு வேகம். தடுப்பாட்டத்தில் எதிரியின் முன்னால் இருக்க வேண்டுமானால் கால்கள் இடமும் வலமும் விரைவாக நகர வேண்டும். நொவிட்ஸ்கியின் கால்கள் அப்படி நகரவில்லை. விரைவான பின்காவலர் ஒருவரை அவர் முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், அந்தப் பின்காவலர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார். எதிரணிகள் வேண்டுமென்றே அப்படிச் செய்தன. குதிப்பு குறைவு என்பதால் வளையத்தடியில் பந்தைத் தட்டிவிடும் ஆளாகவும் அவர் இருக்கவில்லை. 12 முறை என்.பி.ஏ.வின் ஆண்டுச் சிறப்பு அணிகளில் இடம்பெற்ற அவர், சிறந்த தடுப்பாட்டக்காரர் அணிகளில் ஒரு முறைகூட இடம்பெறவில்லை.

இதை மறைக்க டாலஸ் அணி இரண்டு வழிகளைக் கையாண்டது. ஒன்று, அவருக்குப் பின்னால் ஒரு நல்ல நடுநிலைக் காவலரை நிறுத்துவது. மற்றொன்று, ஆளுக்கு ஆள் காக்காமல் ஆளுக்கு ஒரு பகுதியைக் காக்கும் ஸோன் தடுப்பு. 2001–02 பருவத்தில்தான் என்.பி.ஏ. அதை அனுமதித்தது. நீண்ட கைகளும் நல்ல நிலையறிவும் கொண்ட, மெதுவாக நகரும் ஒருவருக்கு அந்த விதி மாற்றம் ஒரு வரம் என்றே சொல்ல வேண்டும். அவர் மோசமான தடுப்பாளர் என்ற பேச்சு ஓரளவு மிகையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார். ஓடிப் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் தோற்றார்.

ரீபவுண்டு குறித்தும் ஒரு குழப்பம் உண்டு. முறைப் பருவச் சராசரி 7.5 என்பது ஏழடி ஆளுக்குக் குறைவுதான். தாக்குதலின்போது வளையத்திலிருந்து தள்ளி நிற்பவருக்குத் தன் அணி தவறவிட்ட பந்து கிடைக்காது என்பதே இதற்குப் பாதிக் காரணம். பிளேஆஃப் எனப்படும் தகுதிச் சுற்றுகளில் அவர் சராசரி 10.0 ஆக உயர்ந்தது, புள்ளிகளும் 25.3 ஆக உயர்ந்தன. பெரிய ஆட்டங்களில் ஒதுங்குபவர், மென்மையானவர் என்று அமெரிக்க விமர்சகர்கள் அவரைப் பல ஆண்டுகள் குறை கூறினர். இந்த எண்களோடு அந்தக் குற்றச்சாட்டு ஒத்துப்போகவில்லை.

பந்தைக் கடத்துவதில் அவர் சராசரியானவர், ஆட்டத்துக்கு 2.4 உதவிகள். ஒருவர் காக்கும்போது அது தெரியாது. இரண்டாவது ஆள் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்து நெருக்கும்போது தெரியும். அதுவே 2007-இல் பெருங்குறையாக வெடித்தது.

2007: விடை தெரியாத கேள்வி

அதற்கு முந்தைய ஆண்டே ஒரு காயம் இருந்தது. 2006 இறுதித் தொடரில் டாலஸ் அணி மயாமி ஹீட்டை 2–0 என்று முந்தியது. மூன்றாம் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியிலும் 13 புள்ளிகள் முன்னிலை பெற்றது. அந்த முன்னிலை கரைந்தது. ஆட்டம் முடிய 3.4 வினாடிகள் இருந்தபோது நொவிட்ஸ்கி இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றைத் தவறவிட்டார். ஆட்டம் 98–96 என்று போனது. தொடர் 4–2 என்று போனது.

அடுத்த பருவத்தில் டாலஸ் 82 ஆட்டங்களில் 67 வென்று முதலிடம் பிடித்தது. முதல் சுற்றில் எதிரி எட்டாம் இடத்திலிருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அதன் பயிற்சியாளர் டான் நெல்சன். நொவிட்ஸ்கியை டாலஸுக்குக் கொண்டுவந்து ஆளாக்கியவர் அவர்; அவருடைய பலமும் பலவீனமும் நெல்சனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

நெல்சன் அவர்மேல் உயரமான ஆளை விடவில்லை. உயரமான ஆள் என்றால் நொவிட்ஸ்கி டிரிபிள் செய்து தாண்டிவிடுவார். மிகக் குள்ளமான ஆள் என்றால் தலைக்கு மேலே எறிந்துவிடுவார். ஸ்டீபன் ஜாக்சன் போன்ற நடுத்தர உயரமும் வலுவும் வேகமும் உள்ள ஆட்களை விட்டார். அவர்கள் உடலோடு உடல் ஒட்டி, இடுப்புக்குக் கீழே நெருக்கி, பந்தைத் தரைக்குக் கொண்டுவர வைத்தனர். பந்து தரைக்கு வந்த கணத்தில் அருகிலிருந்த இன்னொருவர் கையை நீட்டினார். நொவிட்ஸ்கி அப்போது பெரும்பாலும் களத்தின் ஓரத்தில் நின்று பந்தை வாங்கினார். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு. மறுபக்கத்திலிருந்து வரும் ஆளைப் பார்க்க முகத்தைத் திருப்ப வேண்டும். முகத்தைத் திருப்பினால் எறிய முடியாது.

தொடரில் அவர் சராசரி 19.7 புள்ளிகளாகவும் எறிவு விழுக்காடு 38.3 ஆகவும் குறைந்தன. ஆறாவது ஆட்டத்தில் 13 எறிவுகளில் இரண்டு மட்டுமே உள்ளே போயின. மொத்தம் 8 புள்ளிகள். டாலஸ் 4–2 என்று வெளியேறியது. ஏழு ஆட்டத் தொடரில் முதலிடத்து அணி எட்டாமிடத்து அணியிடம் தோற்றது அதுவே முதல் முறை. மைதானத்தின் உட்புற நடைவழியில் நொவிட்ஸ்கி கோபத்தில் ஒரு குப்பைத் தொட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். அதனால் உண்டான ஓட்டையை வாரியர்ஸ் அணியினர் மூடாமல் வைத்திருந்தனர். தோற்றுப் பன்னிரண்டு நாட்கள் கழித்து, மே 15 அன்று, அந்தப் பருவத்தின் மிகவும் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்க அவர் மேடையேற வேண்டியிருந்தது. பிறகு கெஷ்விண்ட்னருடன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பல வாரங்கள் ஊர் சுற்றினார்.

சில அடிகள் நகர்ந்தது

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அவர் எறிவு மாறவில்லை. பந்தை வாங்கும் இடம் மாறியது. ஏவரி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோதே உள்ளே வந்து ஆடும்படி அவரை வற்புறுத்தியிருந்தார். 2008-இல் பொறுப்பேற்ற ரிக் கார்லைல் காலத்தில் அது முழு உருவம் பெற்றது. நொவிட்ஸ்கி ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுப்பகுதியில், பின்பலகையிலிருந்து சுமார் 15 அடி தொலைவில், பந்தை வாங்கத் தொடங்கினார்.

இந்த இடத்தின் சிறப்பு எளிமையானது. நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் சம தூரம். இரண்டாவது தடுப்பாளர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அவர் விட்டுவந்த ஆளுக்குப் பந்தைக் கொடுப்பதும் நேரான, குறுகிய பாஸ் ஆகிவிடும். பெரிய கடத்துத் திறமை தேவையில்லை. அதாவது அவருடைய சராசரித் திறமையே போதும். யாரும் நெருக்க வராவிட்டால் டிரிபிள் இல்லாமல், அல்லது ஒரே ஒரு டிரிபிளுடன், திரும்பி ஒற்றைக்காலில் சாய்ந்து எறிவார். வாரியர்ஸ் தடுப்பாளர்கள் பந்து தரைக்கு வருவதற்காகக் காத்திருந்தார்கள். இப்போது பந்து தரைக்கே வரவில்லை.

பார்ப்பதற்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் முப்பது வயதை நெருங்கும் ஒருவர், உயரிய விருது வாங்கித் தந்த ஆட்டத்தைப் பிரித்து மறுபடி அடுக்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

2011

2010-இல் நடுநிலை ஆட்டக்காரர் டைசன் சாண்ட்லர் டாலஸுக்கு வந்தார். வளையத்தடியைக் காப்பதிலும் உரத்த குரலில் மற்றவர்களை நிறுத்துவதிலும் வல்லவர். நொவிட்ஸ்கியின் தடுப்புக் குறையை இதுவரை யாரும் இவ்வளவு நன்றாக மூடியதில்லை. ஜேசன் கிட், ஷான் மேரியன் போன்ற மூத்த வீரர்களும் இருந்தனர்.

மேற்கு மண்டல இறுதியின் முதல் ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி அவர்மேல் பலரை மாற்றி மாற்றி விட்டது. அவர் 15 எறிவுகளில் 12-ஐ உள்ளே போட்டார். ஃப்ரீ த்ரோ 24-க்கு 24. மொத்தம் 48 புள்ளிகள். ஒரே ஆட்டத்தில் ஒன்றுகூடத் தவறாமல் இத்தனை ஃப்ரீ த்ரோ போட்டது சாதனை. இங்கே ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும். எட்ட முடியாத எறிவை எட்ட முயலும் தடுப்பாளர் கையில் அடித்துவிடுகிறார், அது தவறாட்டம். ஃபேடவே எறிவு வெறும் இரண்டு புள்ளிக்கான கருவியாக மட்டும் இருக்கவில்லை.

இறுதித் தொடரில் எதிரி மீண்டும் மயாமி. இம்முறை லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் அங்கே. முதல் ஆட்டத்தில் நொவிட்ஸ்கியின் இடக்கை நடுவிரல் தசைநார் கிழிந்தது, ஆட்டத்திலும் தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் ஏழு நிமிடம் மிச்சமிருக்கையில் டாலஸ் 88–73 என்று பின்தங்கியிருந்தது. அங்கிருந்து மீண்டு 95–93 என்று வென்றது. கடைசி ஒன்பது புள்ளிகளும் நொவிட்ஸ்கியுடையவை. வெற்றிக் கூடையை பாஷைத் தாண்டி உள்ளே ஓடி, காயம்பட்ட இடக்கையாலேயே போட்டார். எறிவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது ஓடியதே அங்கே பலித்தது. நான்காவது ஆட்டத்தைக் கடும் காய்ச்சலுடன் ஆடி 21 புள்ளிகள் எடுத்தார்.

பட்டத்தை உறுதிசெய்த ஆறாவது ஆட்டம் அவருடைய சிறந்த ஆட்டங்களில் சேராது. முதல் பாதியில் 12 எறிவுகளில் ஒன்று மட்டுமே உள்ளே போனது. ஜேசன் டெரி 27 புள்ளிகளுடன் அணியைத் தாங்கினார். இரண்டாம் பாதியில் நொவிட்ஸ்கி 18 புள்ளிகள் எடுத்தார். டாலஸ் 105–95 என்று வென்றது. 2007-இல் எறிவு தவறத் தொடங்கியதும் அவருக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. 2011-இல் தவறினாலும் அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனார், ஏனென்றால் அந்த இடத்தில் எதிரணியிடம் விடை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மணி ஒலித்தவுடன் கொண்டாட்டத்தில் நிற்காமல் உடைமாற்றும் அறைக்குள் ஓடி அழுதார். பரிசு வாங்க அவரை அழைத்து வர வேண்டியிருந்தது. தொடரில் அவர் சராசரி 26.0 புள்ளிகள், 9.7 ரீபவுண்டுகள். ஃப்ரீ த்ரோ 46-க்கு 45.

பிற்காலமும் தாக்கமும்

அதன்பின் முழங்கால் தொல்லை வந்தது; 2012-இல் அறுவைச் சிகிச்சை. கால்கள் தளரத் தளரத் தடுப்பாட்டக் குறை பெரிதாகத் தெரிந்தது. கடைசிப் பருவங்களில் அவரைக் களத்தில் வைப்பதே எதிரணிக்குச் சில கூடைகளைக் கொடுப்பதாக இருந்தது. எறிவு மட்டும் தேயவில்லை. 2017 மார்ச் 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக 30,000-ஆவது புள்ளியைத் தொட்டபோது வயது 38. அந்தக் கூடையும் ஓரத்திலிருந்து சாய்ந்து எறிந்ததுதான். குதிப்பை நம்பாத ஆட்டத்துக்கு வயது தாமதமாகவே வருகிறது.

ஒற்றைக்கால் எறிவை கோபி பிரயண்ட், லெப்ரான் ஜேம்ஸ், கெவின் டுரான்ட் ஆகியோரும் தம் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். உயரமானவர் வெளியே நின்று எறிவது இன்று வழக்கமாகிவிட்டது. மூன்று புள்ளி எறியத் தெரியாத வலிய முன்நிலைக்கு இன்றைய அணிகளில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் இன்றைய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் அவரிடமிருந்து தூரத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவரைச் சாம்பியனாக்கிய 15 அடி இடத்து எறிவை, இரண்டு புள்ளிக்கு அது ஆதாயமில்லை என்ற கணக்கால், பல அணிகள் குறைத்துவிட்டன. சராசரி எறிவாளருக்கு அந்தக் கணக்கு பொருந்தும். கடைசி இரண்டு நிமிடத்தில், தடுப்பு இறுகியபின், யாராலும் எட்ட முடியாத எறிவு ஒன்று கையிருப்பில் இருப்பதன் மதிப்பு அந்தக் கணக்கில் வருவதில்லை.

2019 ஏப்ரல் 9 அன்று டாலஸில் ஆடிய கடைசி உள்ளூர் ஆட்டத்தில் 40 வயது நொவிட்ஸ்கி 30 புள்ளிகள் எடுத்தார். மறுநாள் சான் அன்டோனியோவில் 20 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் எடுத்து ஓய்வு பெற்றார். அவருடைய 41-ஆம் எண்ணை டாலஸ் அணி 2022 ஜனவரியில் வேறு எவருக்கும் தருவதில்லை என்று நிறுத்தியது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை திறக்கப்பட்டது. சிலை ஒற்றைக்காலில், பின்னால் சாய்ந்து நிற்கிறது.